விரிசல் குழுவின் கோத்தகிரிப் பயணம்

பெட்ரோலியப் புவியியல் சங்கத்தில் மொத்தம் ஒன்பது சிறப்புக் குழுக்கள். மணற்கல்லை ஆராய்பவர்களுக்கு ஒன்று, அதிர்வலைப் பதிவுகளைப் படிப்பவர்களுக்கு ஒன்று, எண்ணெயின் வேதியியலுக்கு ஒன்று என்று அவரவர் வேலைக்கேற்பப் பிரிந்திருந்தார்கள். ஷாயிஸ்தா ஒருங்கிணைப்பாளராக இருந்த அடிப்பாறை விரிசல் குழுதான் இருப்பதிலேயே சின்னது. பதினாறே பேர். இருபதுக்குக் குறைந்த குழுக்களை மார்ச் கூட்டத்தில் பெரிய குழுக்களோடு இணைத்துவிடலாம் என்று டிசம்பரில் கடிதம் வந்தது. யோசனையை முன்வைத்தவர் வேலுமணி. எண்ணெய் தேங்கும் பாறைகளை ஆராயும், நூற்றெண்பது பேர் கொண்ட தேக்கப்பாறைக் குழுவின் செயலாளர்.

ஷாயிஸ்தா ஊட்டி காந்தலில் பிறந்தவள். பதினான்கு வருடங்களாகக் காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறுகளோடு வேலை. அங்கே வண்டலுக்கும் மணற்கல்லுக்கும் வெகு கீழே பழங்காலத்துக் கருங்கல் கிடக்கிறது. அதன் விரிசல்களில் சில இடங்களில் எண்ணெய் தங்கியிருக்கும். அந்தப் பாறையை அவள் கிணற்றிலிருந்து எடுத்த முழ நீளத் துண்டுகளாகத்தான் பார்த்திருந்தாள். அதே குடும்பத்துப் பாறை சொந்த ஊர் மலையில் சாலையோரம் வெட்டவெளியில் நின்றது. ஜனவரியில் கோத்தகிரிக்கு ஒரு களப்பயணம் அறிவித்தாள். வேலுமணிக்கும் அழைப்பு அனுப்பினாள்.

பதினொரு பேர் வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது இரண்டு பேர். ஒருத்தி சென்னை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ராஜப்ரியா. இன்னொருவர் வேலுமணி.

"இணைக்கோணும்னு எழுதினவன் நான். அதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து பார்த்துடறதுதானுங்க நியாயம்," என்றார் அவர், காதை மூடிய மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டே.

"வந்ததே சந்தோஷம் சார்," என்றாள் ஷாயிஸ்தா. உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் காலி வேனைப் பார்த்தபோது மனசு கொஞ்சம் சோர்ந்தது.

எஸ்டேட் சாலைக்காக வெட்டிய பாறைச் சுவர் நாற்பதடி நீளம் இருந்தது. மேனேஜரிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். ஒவ்வொரு விரிசலுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, அது ஓடும் திசையையும் சாய்வையும் அளந்து நோட்டில் எழுதினார்கள். பதினொரு மணிக்குள் எழுபத்திரண்டாம் எண்ணைத் தொட்டுவிட்டார்கள்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கூடையோடு இறங்கி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஆண்டாயி.

"எண்ணெய்க் கெணறு தோண்டப் போறீங்களா?" என்று கேட்டாள். வேனில் கட்டியிருந்த சங்கத்தின் பேனரைப் பார்த்திருக்கிறாள்.

"இல்லக்கா. இந்த மலையில எண்ணெய் கிடையாது."

"அப்ப பெட்ரோல் ஆளுங்களுக்கு இங்க என்ன வேல?"

ஷாயிஸ்தா பதில் சொல்வதற்குள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலுமணி கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

"ஏனுங்கம்மா, எங்க வேலையெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கமுங்க. அங்க பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல இந்த மாதிரிப் பாறைதான் இருக்குது. நாங்க வழக்கமாப் பாக்கற பாறை பஞ்சு மாதிரி, உள்ளாரயே எண்ணெயைப் புடிச்சு வெச்சுக்கும். இது அப்படியில்லீங்க. விரிசல் இருந்தாத்தான் உண்டு, இல்லாட்டி இல்லை. அங்க இறங்கிப் பாக்க முடியாது. இங்க கண்ணுக்கு முன்னாடி நிக்குது. அதைப் பாக்கத்தான் இந்த மேடம் எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க."

பேசி முடித்ததும் அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் குழுவுக்கு எதிராக எழுதியவரே அதற்கு ஆதரவான வாதத்தையும் சொல்லிவிட்டதை ஷாயிஸ்தா கவனித்தாள்.

ஆண்டாயிக்கு அது போதவில்லை. "சரிங்க. நம்பர மட்டும் அழிச்சிட்டுப் போங்க. போன மழைக்கப்புறம் யாரோ வந்து எங்க லயத்து வீட்டுச் செவுத்துல இப்படித்தான் நம்பர் போட்டாங்க. மறு மாசம் ஆறு வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இதப் பாத்துத்தான் இவளுக வேலைய விட்டுட்டு எறங்கி வந்துட்டாளுக."

ராஜப்ரியா ஷாயிஸ்தாவின் காதருகே வந்தாள். "முப்பது வரைக்கும்தான் போட்டோ எடுத்திருக்கோம் மேடம். மிச்சம் எது எந்த விரிசல்னு தெரியாமப் போயிடும்."

அதற்குள் பனிமூட்டம் இறங்கிப் பாறையின் பாதியை மறைத்திருந்தது. காத்திருந்தால் விலகலாம். ஷாயிஸ்தா நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி உதட்டை அசைத்து எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சிடலாம் ராஜப்ரியா," என்றாள்.

துணியை நனைக்கத் தண்ணீர் தேடியபோது ஆண்டாயியே கூட்டிப் போனாள். பாறைச் சுவரின் கோடியில் சாய்வான ஒரு விரிசலில் யாரோ இலையைச் செருகி வைத்திருந்தார்கள். அதன் நுனியிலிருந்து தண்ணீர் மெல்லிய நூலாக விழுந்தது.

"இதுதான் எங்க பீலி," என்றாள். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவள். தண்ணீர் விழும் வாய்க்கு அங்கத்துச் சொல்லையே வைத்திருந்தாள். "மழக்காலத்துல எல்லா வெடிப்புலயும் தண்ணி வரும். ஏப்ரல்ல இந்தப் பக்கமாச் சாஞ்ச வெடிப்புல மட்டுந்தான் வரும். நேரா நிக்கிறது எல்லாம் காஞ்சிடும்."

ஷாயிஸ்தா ஈரத் துணியோடு நின்றுவிட்டாள். "எத்தனை இடத்துல பாத்திருக்கீங்க?"

"இந்த மலையில முப்பத்தோரு வருசமாப் பறிக்கிறேன். தாகத்துக்கு எங்க போறதுன்னு தெரியாதா?"

எழுபத்திரண்டு விரிசல்களையும் அவர்கள் ஒரே தராசில் வைத்துத்தான் அளந்திருந்தார்கள். எது திறந்திருக்கிறது, எது பேருக்குக் கோடாக மட்டும் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை. படுகையிலும் அதே குழப்பம்தான். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றில் எண்ணெய் வரும், அடுத்ததில் வராது.

"இத விட்டுட்டோமேங்க," என்றார் வேலுமணி மெதுவாக.

மூவருமாகச் சுவர் முழுவதையும் துடைத்தார்கள். வேலுமணியின் சட்டைக் கை முழங்கை வரை வெள்ளையானது. பிறகு ஆண்டாயி கை காட்டக் காட்ட, ஏப்ரலில் தண்ணீர் வரும் விரிசல்களை மட்டும் எண் போடாமல் மறுபடி அளந்தார்கள். பன்னிரண்டு தேறின. எல்லாமே வடகிழக்காக ஓடின.

மார்ச் கூட்டத்தில் வேலுமணி எழுந்து தன் யோசனையைத் திரும்பப் பெற்றார். "எங்களோட சேர்த்தா இந்த விரிசல் வேலையை நாங்க கண்டுக்கவே மாட்டோமுங்க. தனியா இருக்கட்டும்," என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். கடைசியில் இரண்டு வருட அவகாசம் கிடைத்தது. அவர் விரிசல் குழுவில் சேரவில்லை. ஆனால் தன் குழுவிலிருந்து மூன்று பேரை அனுப்பி வைத்தார்.

களப்பயண அறிக்கையில் ஷாயிஸ்தா ஆண்டாயியின் பெயரையும் சேர்த்திருந்தாள். சங்க இதழின் ஆசிரியர் போனில் அழைத்து ஆண்டாயியின் தகுதி என்ன என்று கேட்டார். "கொழுந்து பறிக்கிறவங்க. முப்பத்தோரு வருஷம்," என்றாள். அப்படியே அச்சில் வந்தது.

ஏப்ரலில் குழுவிலிருந்து ஒன்பது பேர் மறுபடி கோத்தகிரிக்குப் போனார்கள். நேராக நின்ற விரிசல்கள் எல்லாம் வறண்டிருந்தன. சாய்ந்த பன்னிரண்டில் ஒன்பதில் ஈரம் இருந்தது, மூன்றில் இல்லை. ஷாயிஸ்தா அதைச் சொன்னபோது ஆண்டாயி நம்பாமல் அந்த மூன்றிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இது மூணும் போன வருசம் வந்துச்சே," என்றாள். பிறகு மேலே தேயிலைச் சரிவைக் காட்டினாள். "அந்தாண்ட புதுசா போர் கெணறு போட்டிருக்காங்க. தண்ணி அதுக்குள்ள போயிடுச்சோ என்னமோ. அங்கயும் போய்ப் பாத்துடுவோமா?"

ஒன்பது பேரும் அவள் பின்னால் ஏறினார்கள்.