எரிக்க வேண்டிய முகம்

உருத்திரபுரத்தில் மகள் பிரஷாந்தினிக்கு வீடு கட்டத் தொடங்கியதும், கண்ணூறுப் பொம்மை ஒன்று செய்து முன்னால் தொங்கவிடச் சொன்னாள் என் மனைவி இராசமலர். பழைய காற்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, தலைக்கு ஒரு பானையைக் கவிழ்த்து, அதில் கண்ணும் பல்லும் கீறிவிட்டால் வேலை முடிந்தது. பார்க்கிறவன் கண் வீட்டில் விழாமல் பொம்மையில் விழும். வீடு முடிந்து குடிபோவதற்கு முதல் அதைச் சந்தியில் எரித்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

கரித்துண்டால் இரண்டு வட்டம் போட்டேன். போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இடது கண் கொஞ்சம் சரிந்து, என்னைப் பார்த்து இளிப்பதுபோல் இருந்தது. மற்றக் கண்ணையும் அதற்கேற்றபடி திருத்தினேன். பிறகு மூக்கு. பிறகு கன்னத்தில் ஒரு குழி. நிமிர்ந்தபோது, சோறு ஆறிவிட்டது என்று இராசமலர் கத்திக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கிறுக்கு இருந்தது. சூப்பிய பனங்கொட்டையின் தும்பைத் தாடியாகச் சீவி, சூடான கம்பியால் கண் வைப்பேன். அப்பா அவற்றையும் மற்றக் கொட்டைகளோடு சேர்த்துப் பனங்கிழங்குப் பாத்தியில் புதைத்துவிடுவார். முளைத்த கிழங்கை நானும் தின்றேன். அதன்பிறகு வயல், வாய்க்கால், இடம்பெயர்வு, திரும்பி வந்து மறுபடி வயல். கை வேறு எதையும் கேட்கவில்லை. எழுபது தாண்டிய பிறகு ஏன் கேட்கிறது? ஏதும் வருத்தமோ, ஆசுபத்திரிக்குப் போகவேண்டுமோ என்றும் யோசித்தேன்.

மேசன் ஜெயந்தன் யன்னலுக்கு அடித்த பெயின்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உதட்டுக்குப் பூசினேன். அடுத்த நாள் புருவம். மழை கரியைக் கழுவினால் மறுபடி கீறினேன். களை பிடுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏணியில் நின்றேன்.

"அப்பு, உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு," என்றான் ஜெயந்தன்.

"என்ன, சுவர் எங்கையும் வெடிச்சுப் போச்சோ?"

ஒருவன் சும்மா புகழ மாட்டான். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வெடிப்பு ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏன் சொன்னான்?

றோட்டால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி நின்று பார்த்தார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். படத்தை வைத்து என்ன செய்யப் போகிறார்களோ என்று ஏசிக் கலைத்தேன்.

குடிபோவதற்கு முதல் நாள் பின்னேரம் இராசமலர் மகளோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, பொம்மையைக் கழட்டுங்கோ. எரிக்க வேணும்."

"உடுப்பை எரிப்பம். பானை கிடக்கட்டும்."

"பானையிலதான் ஊர்க் கண் முழுக்க நிக்குது. ஆர் இவ்வளவு வடிவாக் கீறச் சொன்னது? வடிவில்லாட்டி ஆரும் நிண்டு பாத்திருப்பினமே?"

அவள் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. கேவலமாகக் கீறியிருந்தால் ஒருவேளை வைத்திருக்கலாம். நன்றாக வந்ததால் அழிக்க வேண்டும். இது என்ன நியாயம்? மகளைப் பார்த்தேன்.

"பிள்ளையளோட குடிபோற வீடு அப்பா. விளையாடாதேங்கோ."

முன்பிருந்த வீடு சண்டையில் கூரையோடு போனதைப் பார்த்தவள் அவள். நான் ஏணியை எடுத்தேன்.

சந்தியில் வைக்கோல் சட்டென்று பற்றிக்கொண்டது. பானை எரியவில்லை. கறுத்துப்போய்ச் சாம்பலுக்குள் கிடந்தது.

"நான் உடைக்கட்டே அப்பு?" என்று கேட்டான் கூட வந்த ஜெயந்தன்.

"நீ விலகு."

தடியால் புரட்டினேன். பெயின்ற் கொப்பளித்து ஒரு கன்னம் உரிந்திருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மூக்குப் பிழை என்பதுதான் கண்ணில் பட்டது. மேலே தொங்கும்போது தெரியவில்லை. நிழலை இன்னும் கீழே போட்டிருக்க வேண்டும். அந்த யோசனையோடேயே தடியை ஓங்கிப் போட்டேன். பானை சிதறியது.

கைகால் கழுவிவிட்டு வந்து, ஜெயந்தனின் சாமான்களுக்குள் அந்தப் பெயின்ற் பேணியைத் தேடி எடுத்தேன்.

"இனி ஆரின்ர வீட்டுக்கு?" என்றாள் இராசமலர்.

"தெரியாது."

"வீடில்லாமல் பொம்மையோ? ஊர் சிரிக்கும்."

"ஓம்," என்றேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. பேணியின் மூடி இறுகவில்லை. பெயின்ற் காய்ந்துவிடும் என்று கல்லொன்றை எடுத்துத் தட்டினேன்.