சத்தம் போடாத மூடி

மூன்று வருடமாகப் பூக்கும் நேரத்தில் உறைபனி விழுந்து கருகிய எங்கள் பீச் மரம் இந்தக் கோடையில்தான் காய்த்தது. தோலுரித்து நறுக்கிச் சர்க்கரைப் பாகோடு அடைத்தால் சரியாக ஏழு ஜாடி. மூடி போட்டு வெந்நீரில் முக்கிக் கொதிக்கவைத்தால், காற்றுப் புகாமல் ஒட்டி மாதக்கணக்கில் கெடாது. குளிர்காலம் முழுவதற்கும் எங்கள் வீட்டுப் பழம் அவ்வளவுதான்.

வழக்கமான தகர மூடியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதனால் இந்த முறை கெட்டி பிளாஸ்டிக் மூடி வாங்கியிருந்தேன். அடியில் தனி ரப்பர் வளையம், மேலே திருகு வளையம். கழுவிக் கழுவிப் பல வருடம் ஓட்டலாம்.

உதவிக்கு என் கணவர் டாரலின் அக்கா இமோஜின் வந்திருந்தார். தகர மூடி ஆறும்போது உள்ளே குழிந்து 'டிங்' என்று ஒலிக்கும்; ஜாடி ஒட்டிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இமோஜின் வீட்டில் ஏழு 'டிங்' எண்ணி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதுவரை ஜாடியைத் தொடவும் கூடாது.

"இது வேற மாதிரி இமோஜின், சத்தமே வராது. கொதிக்கும்போது காத்து வெளிய போகணும், அதுக்காகத் திருகைக் கொஞ்சம் தளர்வா விட்டிருக்கேன். இறக்கின உடனே இறுக்கிடணும். இல்லேன்னா போன காத்து அதே வழியா திரும்பி வந்துரும்" என்றேன்.

முதல் ஜாடியை இறக்கி, துணியால் பிடித்து, அவர் கண்ணெதிரே இறுக்கியும் காட்டினேன். அப்போதுதான் டாரல் வாசலில் கத்தினார்: "லூயான்! வேலி அறுந்துபோச்சு, கன்னுக்குட்டி எல்லாம் ரோட்டுல நிக்குது!"

"மத்த ஆறையும் இதே மாதிரி!" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினால், முற்றத்தில் கோழிகள் மஞ்சள் மஞ்சளாக எதையோ கொத்திக்கொண்டிருந்தன. அருகே போனேன். பீச்.

"ஒண்ணுகூட டிங்குனு சொல்லலடி" என்றார் இமோஜின், கை துடைத்தபடி. "பாகு ஓரமா கசிஞ்சு வழிஞ்சுது. பிளாஸ்டிக்க நம்பாதேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"இறுக்குனீங்களா?"

"சூடா இருக்கற ஜாடியில யாராச்சும் கை வைப்பாங்களா? நாப்பது வருஷமா இதத்தான் பண்றேன், எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"சரி, ஒட்டலை. ஃப்ரிட்ஜில வெச்சிருக்கலாமே! இந்த வாரமே சாப்பிட்டிருப்போமே!"

"விஷத்தையா? உன் கோழி தின்னுட்டுப் போகட்டும்."

மேசையில் நான் இறுக்கிய அந்த ஒற்றை ஜாடி மட்டும் நின்றது. அதைக் கொட்டுவதற்குள் நான் வந்துவிட்டேன் போலிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. திருகு வளையத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். வெறும் மூடியின் விளிம்பை மட்டும் விரல் நுனிகளால் பிடித்து மொத்த ஜாடியையும் மேசையிலிருந்து ஒரு அங்குலம் தூக்கினேன். மூடி அசையவில்லை. உள்ளே இருந்த வெற்றிடம் அதை அப்படிப் பிடித்து வைத்திருந்தது.

இமோஜின் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "டிங்குனு சொல்லலையே..." என்றார்.

ஜாடியைக் கீழே வைத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்த ஆறு மூடியையும் ரப்பர் வளையங்களையும் அள்ளி அவர் கையில் திணித்தேன்.

"கழுவுங்க. மூடி திரும்ப உதவும். பீச்சுக்கு அடுத்த வருஷம் பனி விழாம இருக்கணும்."

தண்ணீரைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "ஒரு ஜாடியாவது தப்பிச்சுதே, விடு."

"தப்பிக்கலை இமோஜின். அதை நான் இறுக்கினேன்."