ஞாயிற்றுக்கிழமைக்கான குப்பை

வெயில் அப்போதுதான் கோட்டை மலையின் உச்சிப் பாறையைத் தொட்டிருந்தது. அடிவாரக் குளக்கரையில் பூவாயி துடைப்பத்தின் அடிப்பக்கத்தைப் படிக்கல்லில் குத்திக் குச்சிகளைச் சமன் செய்துகொண்டிருந்தாள். பவுனம்மாள் புளியமரத்து வேரில் உட்கார்ந்து காகித டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். இருவரும் கோட்டையைச் சுற்றிக் குப்பை அள்ளும் ஒப்பந்த ஆட்கள். மேஸ்திரி தனசேகரன் அன்று சீக்கிரமே வரச் சொல்லியிருந்தார்.

கரை சுத்தமாக இருந்தது. விளக்குமாற்றின் கோடுகள் மண்ணில் வளைவு வளைவாகத் தெரிந்தன. சீத்தாச் செடிகளின் அடியில்கூட ஒரு பிளாஸ்டிக் உறை இல்லை.

தனசேகரன் வண்டியை நிறுத்தினார். ஸ்டாண்டு போட மறந்து, ஒரு காலால் வண்டியைத் தாங்கிக்கொண்டே கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“எங்க?” என்றார்.

“இன்னா சார் எங்க?” என்றாள் பவுனம்மாள்.

“குப்பை எங்க?”

பவுனம்மாள் பூவாயியைப் பார்த்தாள். பூவாயி துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“நாந்தான் சார் பெருக்கினேன். நேத்து வேலை முடிஞ்சப்புறம் சாயங்காலமா.”

“உன்ன யாரு பெருக்கச் சொன்னது? பத்து நாளா தலைதலையா அடிச்சிக்கினு சொன்னனா இல்லியா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்தக் கரையத் தொடாதீங்கன்னு?”

“சொன்னீங்க.”

“அப்புறம்?”

கைகொடுப்போம் அறக்கட்டளை ஞாயிறு காலையில் குளக்கரையைச் சுத்தம் செய்ய வருகிறது என்பது பத்து நாளாக ஊருக்கே தெரியும். மேஸ்திரி சொன்னபடி அவளும் கரைப்பக்கம் போகாமல்தான் இருந்தாள். வியாழக்கிழமை விழுப்புரத்துக் கல்லூரி விடுதியிலிருந்து அவள் மகள் ஜெயஸ்ரீ போன் செய்தாள். அறக்கட்டளையில் படிப்புக்கு உதவி வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் கட்டாயம் தொண்டுக்கு வர வேண்டுமாம், அவளும் வருகிறாளாம். அதற்குப் பிறகு பூவாயி சனிக்கிழமை சாயங்காலம் கரையை நடந்து பார்த்தாள். சுற்றுலா வந்தவர்கள் தூக்கியெறிந்த தட்டுகள், உடைந்த பிராந்தி பாட்டில்கள், குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றியெறிந்த டயப்பர்கள். செடி மறைவில் ஆட்கள் ஒதுங்கிய இடம். வேலைக்குக் கட்டும் சேலையை வீட்டில் தனிக் கொடியில்தான் உலர்த்துவாள் பூவாயி. அந்தக் கொடிப்பக்கம்கூட அவள் மகளை விட்டதில்லை. இருட்டும்வரை தனியாகவே அள்ளி மூட்டைகளாகக் கட்டி, மதிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் சேர்த்தாள். குப்பை வண்டி திங்கட்கிழமைதான் வரும்.

“பேசறியா இன்னா?” என்றார் தனசேகரன். “எட்டு மணிக்கு பஸ் வந்துடும். போட்டோக்காரன் வர்றான், யூடியூப்காரன் வர்றான். அரங்கநாதன் ஐயா கீழ குனிஞ்சு இன்னாத்தப் பொறுக்குவாரு, கூழாங்கல்லா?”

“ஏன் சார், அவங்கவங்க ஊட்டுலேர்ந்து ஆளுக்கொரு பை எடுத்தாந்தா ஆவாதா?” என்றாள் பவுனம்மாள்.

“வாய மூடு பவுனு. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுசா வுடறாங்க. பழைய ஆளுங்கள்ல யார வச்சிக்கலாம், யார நிறுத்தலாம்னு எங்கிட்டதான் கேப்பாங்க. தெரியும் இல்ல?” பூவாயி பக்கம் திரும்பினார். “மூட்டை கொட்டகையிலதான இருக்குது? எடுத்தா. எடுத்தாந்து எங்கெங்க அள்ளினியோ அங்கங்க கொட்டு.”

பூவாயி அசையவில்லை.

“காதுல வுழுதா?”

“வுழுது சார்.”

இருவரும் மூட்டைகளை இழுத்து வந்தார்கள். உரச் சாக்குகள். ஒவ்வொன்றின் வாயும் பச்சையில் மஞ்சள் புள்ளி போட்ட துணியால் கட்டப்பட்டிருந்தது. பூவாயியின் பழைய சேலையைக் கிழித்த துண்டுகள். அவள் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துத் துண்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சாக்குக்குள் கைவிட்டுத் துழாவி, சிப்ஸ் உறைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் டீ டம்ளர்களையும் மட்டும் எடுத்துப் போட்டாள். மற்றதை உள்ளேயே தள்ளினாள்.

“இன்னாடி இது, கல்யாண ஊட்டுல கத்திரிக்கா பொறுக்கற மாதிரி பாத்துப் பாத்துப் போடற?” என்றாள் பவுனம்மாள்.

“எம்பொண்ணு வருதுக்கா.”

பவுனம்மாள் கையிலிருந்த சாக்கைக் கவிழ்க்கப் போனவள் நிறுத்தினாள். அவளும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். நாறும் சமாச்சாரமும் கண்ணாடியும் எல்லாம் ஒரே சாக்கில் சேர்ந்தன. அதை இருவரும் தூக்கிப் பாறைக்குப் பின்னால் வைத்தார்கள்.

தனசேகரன் கரையைச் சுற்றி வந்தார்.

“இவ்ளோதானா? இது ஒரு ஆளு பொறுக்கற குப்பை. பஸ்ஸு நெறய வர்றாங்க.” பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “இது இன்னா?”

“அது வேணாம் சார். அசிங்கம். கண்ணாடி வேற கெடக்குது, பசங்க கையக் கீசிடும்.”

“அவங்களுக்குலாம் கிளவுஸு குடுக்கறாங்க.”

“அதுல எம்பொண்ணும் இருக்குது சார்.”

“அப்ப இன்னும் நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டுச் சாக்கின் அடியைப் பிடித்து இழுத்தார். செடியோரத்தில் அது பாதி கவிழ்ந்தது. ஈக்கள் எழும்பி மறுபடியும் உட்கார்ந்தன. அதே நேரம் சாலையில் பஸ் ஹாரன் கேட்டது.

பூவாயி மண்டியிட்டுக் கண்ணாடிச் சில்லுகளை மட்டும் வேகமாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள். உடைந்த பாட்டிலின் கழுத்து ஒன்று, பிறகு இன்னொன்று. மிச்சத்துக்கு நேரமில்லை. “வெளிய வா, வெளிய வா” என்று தனசேகரன் துரத்தினார். எழுந்து ஓடும்போது அவள் இடுப்பிலிருந்து ஒரு துணித் துண்டு நழுவி அங்கேயே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

நீல டி-ஷர்ட் போட்டவர்கள் இறங்கினார்கள். கடைக்காரர்கள் சிலர், ஆசிரியர்கள் சிலர், மற்றவர்கள் மாணவர்கள். ஆளுக்கொரு ஜோடி புது வெள்ளைக் கையுறை. போன மழைக்காலத்தில் துப்புரவு ஆட்களுக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள். அது தீபாவளிக்கு முன்பே கிழிந்துவிட்டது. ஜெயஸ்ரீ கடைசியாக இறங்கினாள். டி-ஷர்ட் அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. அம்மாவைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். பூவாயி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அறக்கட்டளைத் தலைவர் அரங்கநாதன் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். மைக்கை வாங்கிக் கரையைக் காட்டினார்.

“பாருங்க. உலகமே வந்து பாக்கற எடம். எப்படி வச்சிருக்கோம்? சம்பளத்துக்கு அள்ளறவங்க இருக்காங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு ஒரு மனசு வேணும். அந்த மனசோட இன்னிக்கி நாம வந்திருக்கோம்.”

கை தட்டினார்கள். பவுனம்மாளும் தட்டினாள். தட்டிக்கொண்டே, “மனசு கொட்டகையில இருந்துச்சு, இப்பதான் எடுத்தாந்து கொட்னோம்” என்று முணுமுணுத்தாள். பூவாயி சிரிக்கவில்லை. அவள் கண் செடியோரத்திலேயே இருந்தது.

வரிசை கலைந்து பொறுக்கத் தொடங்கினார்கள். பாட்டில்களும் உறைகளும் சீக்கிரம் தீர்ந்தன. செடிப்பக்கம் போன இரண்டு பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒரு ஆசிரியர் அங்கே போய்ப் பார்த்துவிட்டுப் போன் பேசுவது போல நகர்ந்தார். கேமராக்காரன் மட்டும், “சார், அங்கதான் நல்லா இருக்குது, அங்க யாராவது நில்லுங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஏம்ப்பா தயங்கறீங்க?” என்றார் அரங்கநாதன்.

தனசேகரன் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அரங்கநாதனின் முகம் மலர்ந்தது.

“ஜெயஸ்ரீ யாரும்மா? இப்படி வா. உங்கம்மா இங்கதான் வேலை செய்றாங்களாமே. சொல்லவே இல்லியே நீ?”

எல்லோரும் திரும்பினார்கள். விடுதியில் ஜெயஸ்ரீயின் அறையில் தங்கும் பெண்ணும் திரும்பினாள்.

“இதுல கூச்சப்பட இன்னா இருக்குது? பெருமையா சொல்லிக்கணும். இவங்கள்லாம் தொடவே பயப்படறாங்க. எப்படி எடுக்கறதுன்னு நீ காட்டிக்குடும்மா. உனக்குப் பழக்கம் இருக்கும்.”

ஜெயஸ்ரீ வாயைத் திறந்தாள். பழக்கம் இல்லை என்று சொல்ல வந்தாளோ என்னவோ, அதற்குள் யாரோ கைதட்டினார்கள். அவள் செடியை நோக்கி நடந்தாள்.

பூவாயி கரையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். “நான் எடுக்கறேங்க ஐயா. அது சின்னப்புள்ள.”

“ஏய், டி-ஷர்ட் போட்டவங்க மட்டுந்தான் உள்ள. பின்னால போ, போட்டோல வுழுற” என்றார் தனசேகரன்.

“இருப்பா, அதட்டாத” என்றார் அரங்கநாதன். “இன்னிக்கி உனக்கு ரெஸ்ட்டும்மா. உன் வேலைய நாங்க செய்றோம். நீ போய் நெழல்ல உக்காரு.”

பூவாயி புளியமரத்தடிக்குப் போனாள். உட்காரவில்லை. முந்தானைக்குள் சில்லுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கொடுத்தன.

ஜெயஸ்ரீ குனிந்தாள். முதல் டயப்பரை இரண்டு விரலால் தூக்கினாள். அது பிரிந்து அவள் கால்மேல் விழுந்தது. கேமரா அருகே வந்தது. அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு அடுத்ததை முழுக் கையால் எடுத்தாள். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஒரே ஒரு முறை நின்றாள். கீழே கிடந்த பச்சைத் துணித் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பள்ளிக்கூட நாளில் அவளுடைய பாவாடைக்கு உள்துணி தைத்தது அந்தச் சேலையில்தான். மரத்தடியில் நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பூவாயி குளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஜெயஸ்ரீ பொட்டலம் வாங்காமல் நேராக மரத்தடிக்கு வந்தாள்.

“யம்மா, இது உன் சேலதான?”

“மொதல்ல போயி சோப்பு வாங்கிக் கையக் கழுவு.”

“இங்க யாரு கொட்னது இத?”

“கைய கழுவுன்றேன்ல.”

“யாரு கொட்னதும்மா?”

“நாந்தான்.”

“உங்கம்மா நேத்தே பெருக்கிட்டாடி” என்றாள் பவுனம்மாள். “உனக்கோசரம், ஒண்டியா நின்னு பெருக்கினா. மேஸ்திரிதான் காலையில வந்து…”

“யக்கா, சும்மா இரு.”

ஜெயஸ்ரீ திரும்பினாள். அரங்கநாதன் மைக்கோடு நின்ற இடத்தை நோக்கி ஒரு அடி வைத்தாள். பூவாயி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எங்க போற?”

“மைக்க வாங்கி சொல்றேன்.”

“சொல்லிட்டு? உனக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்குது. எனக்கு அடுத்த மாசம் வேல இருக்குதா இல்லியான்னு அந்தாளு வாயில இருக்குது. உங்க நைனா இருந்தா பரவால்ல.” பிடியைத் தளர்த்தவில்லை. “சாப்ட்டியா நீ?”

“கைய வுடும்மா.”

“வுட மாட்டேன்.”

“ஜெயஸ்ரீ!” மைக்கில் அரங்கநாதனின் குரல் வந்தது. “எங்கம்மா போயிட்ட? இன்னிக்கி சிறந்த தன்னார்வலர் நீதான். வா, வா.”

பூவாயி கையை விட்டாள். ஜெயஸ்ரீ துணித் துண்டைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு போனாள். அவள் தோளில் மஞ்சள் சால்வை போர்த்தினார்கள். மைக் அவள் முகத்துக்கு எதிரே வந்தது. “ரெண்டு வார்த்தை பேசும்மா.” மரத்தடியைப் பார்த்தாள். “நன்றி” என்றாள். கை தட்டினார்கள்.

“மூட்டையக் கட்ற மாதிரி ஒரு போட்டோ” என்றான் கேமராக்காரன்.

அவள் தான் அள்ளி நிரப்பிய சாக்கின் முன்னால் மண்டியிட்டாள். கையிலிருந்த பச்சைத் துணியால் வாயைச் சுற்றினாள். ஒரு முடிச்சுப் போட்டாள். “போதும்மா, வந்துடுச்சு” என்றான் அவன். அவள் சாக்கின்மேல் முழங்காலை ஊன்றி இரண்டு முனைகளையும் பின்னால் சாய்ந்து இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று. சால்வை நழுவி மண்ணில் விழுந்தது. யாரோ எடுத்து மறுபடியும் போர்த்தினார்கள்.

பஸ் கிளம்பியது. ஜெயஸ்ரீ ஜன்னலோரம் உட்காரவில்லை.

கரையெல்லாம் வெள்ளைக் கையுறைகள் கிடந்தன. பாதி தின்ற பொட்டலங்களைக் குரங்குகள் பாறைமேல் இழுத்துப்போய்ப் பிரித்தன. பூவாயி முந்தானைச் சில்லுகளை ஒரு தகர டப்பாவில் கொட்டிவிட்டுக் கையுறைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். சில உள்ளே இன்னும் ஈரமாக இருந்தன. பவுனம்மாள் ஒன்றை விரலில் மாட்டிப் பார்த்தாள். விரல் நுனி வெளியே வந்தது. கழற்றிப் போட்டாள்.

தனசேகரன் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இப்போது அவர் குரல் சாதாரணமாகிவிட்டது.

“நல்லபடியா முடிஞ்சிது. ஐயாவுக்கு ரொம்ப திருப்தி. பூவாயி, மூட்டைய நாளைக்கு வண்டில ஏத்தாத. கொட்டகையிலேயே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு திண்டிவனத்துலேர்ந்து ஒரு குரூப்பு வருது.”

பூவாயி நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா பாக்கற? தூக்கு.” அவரே ஒரு சாக்கைக் காலால் நகர்த்தினார். அதன் வாயைப் பார்த்தார். “எவ கட்னா இத, இவ்ளோ இறுக்கமா? இத இப்பவே அவுத்து லூசா ஒரு கட்டு போட்டு வை. அன்னிக்கி காலையில அவசரத்துல உயிர வாங்கும்.”

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பூவாயி சாக்கின் முன்னால் உட்கார்ந்து நகத்தால் முடிச்சை நெம்பினாள். அசையவில்லை. ஒரு புளியங்குச்சியை நுழைத்துப் பார்த்தாள், குச்சி ஒடிந்தது. பவுனம்மாள், “வுடுடி, நான் பாக்கறேன்” என்று கை நீட்டினாள். பூவாயி கொடுக்கவில்லை. சாக்கை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டு, குனிந்து, மகள் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கத் தொடங்கினாள்.