ஆட்சேபம் யாருக்கும் இல்லை

1

"ஏப்ரல் கூட்டத்துல நான் கேட்டப்ப வாயத் தொறந்தியா நீ?"

"தொறக்கலைன்னா சம்மதம்னு எவன் சொன்னான் உனக்கு?"

"எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க!"

"அப்ப உங்க ஊர்லயே போய் அளந்துக்கோ!"

இந்தக் கதை இந்தக் கூச்சலில் பிறந்தது. இடம், பின்லாந்தின் ஓலு நகரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றம். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வீட்டாரும் வாரியும் கையுமாக இறங்கி, பனிக்கு அடியில் கிடந்த குப்பையைக் கூட்டி, குடியிருப்போர் சங்கத்துச் செலவில் சாசேஜ் சுட்டுத் தின்கிற நாள்.

கேள்வி கேட்டுக் கத்தியவன் லோரிஸ், இத்தாலிக்காரன், அன்று காலைதான் விமானத்தில் வந்திறங்கியவன். அவன் கத்தியதில் அதிசயமில்லை. பதிலுக்குக் கத்தியது இரண்டாம் மாடி ஹில்க்கா ருவோனலா. அவளுக்குக் குரல் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள். கிறிஸ்துமஸ் என்றால் சற்று ஆழமாக அசைப்பாள். சங்கத் தலைவி ரைலி, "நான் யாரோ ஜன்னல்ல ரேடியோவ அலறவிட்டிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

2

முதலில் இந்தக் கதையை வேறு மாதிரி தொடங்கினேன்.

"நாளைய அலைகளைத் தேடி மூன்று நாடுகள் கைகோத்தபோது" [அடித்துவிட்டேன். நிதி கேட்ட விண்ணப்பத்தில் இதையேதான் எழுதியிருந்தார்களாம்.]

"உறைந்த ஆற்றின் மீது ஒரு பெண் தன்னந்தனியாக நடந்து" [அவள் பேருந்தில்தான் போவாள்.]

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த தலைமுறைக் கைபேசிக்கு இதுவரை யாரும் அதிகம் தொடாத உயர்ந்த அலைகளைப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். அவை நிறையத் தகவலைச் சுமக்கும். ஆனால் மகா செல்லம். சுவர் ஆகாது, மழை ஆகாது, இலைகூட ஆகாது. அவை எவ்வளவு தூரம் தாங்கும் என்று அளக்க, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான் மூன்றும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. பல்கலைக்கழகக் கூரையில் அலை அனுப்பி வாங்கும் ஒரு பெட்டி, எங்கள் கட்டடக் கூரையில் இன்னொன்று. சங்கம் ஓட்டெடுத்து அனுமதித்தது. [பெட்டியிலிருந்து வரும் அலையால் மூட்டுவலி தீருமா என்று ஒருவர் கேட்டார். யாரென்று எழுத மாட்டேன், கீழ்த்தளம்.] இரண்டு பெட்டிக்கும் நடுவில், எங்கள் முற்றத்தில், ஒரு பிர்ச் மரம்.

3

சண்டையின் வேர் ஏப்ரல் மாதம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவருக்கு மற்றவர் மனசுக்குள் போக உரிமை உண்டு. ஒரே சலவை அறையில் துணி துவைக்கிறவருக்கு அந்த உரிமை இன்னும் கொஞ்சம் கூடுதல்.

மூன்று நாட்டாரும் திரை வழியே கூடினார்கள். திட்டத்தை ஒருங்கிணைக்கும் லோரிஸ், இறுதி அறிக்கையின் முக்கிய வாக்கியத்தைப் படித்தான்: 'இவ்விணைப்பு ஆண்டு முழுவதும் தடையின்றி இயங்கும்.' பிறகு, "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றான்.

பின்லாந்துத் தரப்பில் அளவெடுத்த ஹில்க்காவுக்கு இருந்தது. அளவெடுத்தது அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அப்போது மரம் வெறும் குச்சி. இலை விட்டபின் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள், இணைப்பு படுத்துவிடும். அதை யாரையும் புண்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டத் தொடங்கினாள். எங்கள் ஊரில் ஒருவர் பேசாமலிருந்தால் அவர் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று பொருள். காப்பி ஆறினாலும் காத்திருப்போம்.

ஜப்பான் தரப்பில் குசே. வயதில் மூத்தவர், அளவெடுக்க வந்து எங்கள் கட்டடத்திலேயே வாடகைக்கு இருந்தவர். அவர் மட்டும், "அது… கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார். அவர் ஊரில் அதற்குப் பொருள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்பது.

லோரிஸின் ஊரிலோ, வேண்டாம் என்பவன் மேசையைத் தட்டுவான். எந்த மேசையும் தட்டப்படவில்லை. 'ஆட்சேபம் யாருக்கும் இல்லை' என்று குறிப்பில் ஏறியது. ஹில்க்காவின் வாக்கியம் தயாரானபோது திரை இருண்டிருந்தது. மறுநாள் அவள் ஒரு வரி மின்னஞ்சல் போட்டாள்: 'ஆண்டு முழுவதும் என்பதைப் பார்க்க வேண்டும்.' சரி, பார்க்கிறாள் என்று லோரிஸ் நிம்மதியானான். அவள் கையெழுத்து வராமல் போகவே, வாங்கிப்போக நேரிலேயே கிளம்பி வந்துவிட்டான்.

'ஆண்டு முழுவதும்' என்ற அந்த இரண்டு சொற்களின் விலையைச் சொல்லிவிடுகிறேன். அவை இருந்தால் திட்டத்துக்கு இரண்டாம் கட்டம் கிடைக்கும். இரண்டாம் கட்டம் இருந்தால்தான் ஹில்க்காவுக்கு வேலை. இந்த ஊரில் அவள் படிப்புக்கு வேறு இடமில்லை. சொற்களை எடுத்தால் அவள் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

4

குசேயைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். மனிதர் ஒரு பாத்திரம் செய்ய வேண்டிய எதையும் செய்வதில்லை. கத்துவதில்லை, காதலிப்பதாகத் தெரியவில்லை, சலவை அறையில் தன் முறை முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்துவிட்டுப் போகிறார். ஆனால் அவரை எடுத்தால் ஜப்பான் போய்விடும், பிறகு இது பன்னாட்டுத் திட்டமாக

[இருக்கட்டும். மேலும், அடுத்த பகுதியில் அவர் தேவைப்படுகிறார்.]

5

மறுபடி முற்றம். லோரிஸ் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். தளிர்கள் அந்த வாரம்தான் விரிந்திருந்தன.

"சரி, இதை வெட்டிட்டா என்ன?"

எல்லா வாரிகளும் நின்றன.

"எதை?" என்றாள் ரைலி.

"இந்த மரத்தைத்தான். ஒண்ணே ஒண்ணுதானே குறுக்க நிக்குது."

"வெளியூர் ஐயா, இது சங்கத்து மரம். கூட்டம் போட்டு, ஓட்டெடுத்து, நகராட்சிக்கு எழுதி, அவங்க வந்து பாக்கறதுக்குள்ள இலை தானா உதிர்ந்துடும்."

சிரிப்பு. ஹில்க்கா சிரிக்கவில்லை. வாரியை ஊன்றிக்கொண்டு லோரிஸ் பக்கம் திரும்பினாள்.

"இதை வெட்டுவ. மத்த தெருவுல இருக்கற மரத்தையெல்லாம் யார் வெட்டறது? போன் வச்சிருக்கறவன் மரத்தடியில நிக்கக் கூடாதுன்னு அறிக்கையில எழுதுவியா? என் பேரப் போட்டுப் பொய் எழுத மாட்டேன் லோரிஸ். வேலை போனாப் போகட்டும்!"

எல்லாம் முடிந்தது என்றுதான் ஹில்க்கா நினைத்தாள். நாங்களும் அப்படித்தான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க நல்ல இடமாக நகர்ந்து நின்றுகொண்டோம்.

லோரிஸின் முகம் மலர்ந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"அப்பாடா! இத்தனை நாளா உன்கூட வேலை செய்யறேன், இன்னிக்குத்தான் நீ பேசியிருக்க! எங்க, இன்னொரு தடவை சொல்லு, நான் பதில் சொல்றேன்!"

அவனுக்கு அது சண்டையே இல்லை. அப்போதுதான் கூட்டம் தொடங்கியிருந்தது.

"நானும் ஏப்ரல்லயே முடியாதுன்னு சொன்னேன்" என்றார் குசே, ஊஞ்சலுக்கு அடியில் வாரிக்கொண்டே.

"நீங்களா? எப்ப?"

"கொஞ்சம் கஷ்டந்தான்னு சொன்னேனே."

லோரிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். ரைலி ஆளுக்கொரு சாசேஜை நீட்டினாள். "மொதல்ல தின்னுங்க. வெறும் வயித்துல கத்தினா தொண்டைதான் போகும்."

தின்றார்கள். தின்றுகொண்டே கத்தினார்கள். கத்துவது தனக்கு இவ்வளவு சுலபமாக வரும் என்று ஹில்க்காவே எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அறிக்கையில் 'ஆண்டு முழுவதும்' போய், 'இலையில்லாத மாதங்களில்' வந்தது.

"இப்படி அனுப்பினா ரெண்டாம் கட்டம் உன் கைக்கு வராது. தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. அப்ப போடு."

சாசேஜ் மேசையிலேயே கையெழுத்துப் போட்டாள். கடுகு விழுது படாமல் ரைலி தாளைப் பிடித்துக்கொண்டாள்.

6

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

நிதி தருகிறவர்கள் அவளுடைய நேர்மையைப் பாராட்டி வேலையை நீட்டித்தார்கள். [ரைலிக்குப் படித்துக் காட்டினேன். காப்பி மூக்கில் ஏறும்படி சிரித்தாள்.]

நிதி தருகிறவர்களின் பிரஸ்ஸல்ஸ் கூட்டத்தில் லோரிஸ் அவளுக்காக மேசையைத் தட்டி எழுந்து, [நான் அங்கே இல்லை. தட்டியதாக அவன் சொல்கிறான். ரைலி நம்புகிறாள்.]

நடந்தது இதுதான். அறிக்கை திருத்தியபடியே வெளிவந்தது. இரண்டாம் கட்டத்துக்கும் பணம் கிடைத்தது. ஆனால் சோதனை இடத்தை வடக்கே, மரமே முளைக்காத ஒரு மேட்டுக்கு மாற்றி, வேறு குழுவிடம் கொடுத்தார்கள். ஹில்க்காவின் பதவி அக்டோபரில் முடிந்தது. அந்தத் திருத்தத்தால்தானா, இல்லை அவளுக்கு எப்படியும் இதுதான் நேர்ந்திருக்குமா? யாரும் சொல்லவில்லை. அன்று முற்றத்தில் அவள் வாயே திறக்காமல் வாரிக்கொண்டிருந்தால் இப்போது எங்கே இருப்பாள் என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். எனக்கு இரண்டு விதமாக வருகிறது. இரண்டிலும் அவள் முகம் சரியாக அமையவில்லை.

7

ஹில்க்கா வீட்டை விற்றுவிட்டு ஜப்பானில் செண்டாய் நகரத்துக்குப் போனாள். குசேயின் ஆய்வுக்கூடத்தில் வேலை; தெருவோர மரங்களுக்கு அடியில் நின்று அளப்பதுதான் வேலையே. சம்பளம் குறைவு, ஈரம் அதிகம் என்று ரைலியிடம் தொலைபேசியில் சொன்னாளாம். வேறு ஏதாவது உண்டா என்று ரைலி துருவியும் பயனில்லை.

லோரிஸ் அடுத்த கோடையில் ரைலியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்கு மணமுறிவு ஆகிப் பல காலம், அவள் கணவனை இழந்தவள், யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள்.

ஹில்க்காவின் வீட்டை வாங்கியவர்கள் இளம் பல் மருத்துவத் தம்பதி. படியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். சனிக்கிழமை எங்கள் சலவை முறைக்கு அடுத்தது அவர்களுடையது.