யாரால் சாப்பிடுகிறோம்

மணி அடித்து ஓய்ந்தது. அடுக்களை வாசலில் சோற்றுக் கரண்டியோடு பகவதியம்மாள் நின்றாள். கூடத்தில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகு வியாபாரம் செய்யும் நயினார் பிள்ளை, கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதிமூன்றில், அதாவது 1938 தை மாதம், ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு வந்தார். தினம் ஒரு நன்றி சொன்னால் மனம் சுத்தமாகுமாம். மறுநாளே தூணில் ஒரு மணி தொங்கியது. மதியச் சோற்றுக்கு முன் அதை அடித்ததும், வீட்டில் ஒவ்வொருவரும் இன்று யாரால் சாப்பிடுகிறோம் என்று மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மழையும் சூரியனும் பத்மநாபசுவாமியும் வந்து போனார்கள். அவர்களுக்கெல்லாம் பிள்ளை தலையை மட்டும் அசைத்தார். "அண்ணாச்சியாலே சாப்பிடுகோம்" என்று யாரோ சொன்ன அன்றுதான் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் என்ன, விவரம் தெரியாதவர்களா? அதன்பிறகு அந்த வீட்டில் மழைக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

பகவதியம்மாள் அவருடைய தங்கை. கணவன் இறந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து ஒன்பது வருஷம். அன்று கதவைத் திறந்தது அண்ணன்தான். அதை அவள் மறந்ததில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக அடுப்பில் வேகிறவள் அவள். மூன்று மாதம் அவளும் எல்லாரையும் போலச் சொன்னாள். சொல்லச் சொல்ல ஆத்திரம்தான் வந்தது. நேற்று, காய்ச்சலோடு வந்து நெல் குத்திவிட்டுப் போன பொன்னம்மையை நினைத்து, "பொன்னம்மையாலே சாப்பிடுகேன்" என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு ஒழுங்காகச் சொல்லாவிட்டால் இந்த வீட்டில் இலை கிடையாது என்றார் பிள்ளை. அந்த நாளைதான் இன்று.

"சொல்லு பிள்ளே" என்று தங்கையை அதட்டினார் பிள்ளை.

"மனசுல உள்ளதைச் சொல்லணும்னு சொன்னது நீங்கதானே அண்ணாச்சி. பொன்னம்மையாலேதான் சாப்பிடுகேன்."

"அப்போ அவகிட்டயே போயிச் சாப்பிடு, கேட்டியா?"

அவர் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். பகவதியம்மாள் கரண்டியை அண்ணன் மனைவி சிவகாமியம்மாள் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள். இலைக்கா பஞ்சம்? அங்கே வாழை நட்டதே அவள்தான். இலை ஒன்றைக் கிள்ளிக் குழியாக மடித்துக்கொண்டு, உரலருகே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பொன்னம்மைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ரெண்டு வாய் ஊத்து."

பொன்னம்மை பதறி எழுந்தாள். கோயிலுக்குள் அவள் சாதியாரும் போகலாம் என்று மகாராஜாவின் விளம்பரம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த வீட்டு அடுக்களைப் படியை அவள் இன்னும் மிதித்ததில்லை.

"எந்திரிங்கம்மா. முதலாளி கண்டா எனக்கு வேலை போகும்."

அது பகவதியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வீம்புக்கு இவள் வயிற்றையா பணயம் வைப்பது? கூசிப்போய், இலையோடு எழுந்தாள்.

பொன்னம்மை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூடத்துப் பக்கமும் ஒருமுறை பார்த்தாள்.

"இரிங்க. உரலு வேற வீட்டுலயும் உண்டு."

உள்ளே மணி மறுபடி அடித்தது. கூப்பிடுகிற அடி இல்லை, கோப அடி. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கஞ்சி இலைக்கு இறங்கியது. பகவதியம்மாள் கூடம்வரை கேட்கிற குரலில், "பொன்னம்மையாலே சாப்பிடுகேன்" என்றாள். மணி நிற்கவில்லை. மடிப்பின் கீறல் வழியே கஞ்சி ஒழுகி முழங்கை வரை வழிய, அவள் இலையை வாயருகே தூக்கினாள்.