மொகு சிரிக்கவில்லை

செத்தவன் செத்தவனாகவே இருக்க வேண்டும். கார்ட்டூனாக இருந்தாலும் சரி. இது என் கட்சி.

‘வானவேட்டை’க்கு இரண்டாம் பாகம் வருகிறது, அதில் மொகு உயிரோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்றே இதை நிலவனிடம் சொன்னேன். நாங்கள் அஞ்சாவது படிக்கும்போது சாயங்காலங்களில் டி.வி.யில் தமிழ் பேசிக்கொண்டு வந்த ஜப்பான் தொடர் அது. எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. சேரப்பணஞ்சேரியில் இரண்டு தெரு தள்ளி இருந்த நிலவன் வீட்டில்தான் பார்ப்பேன்.

இப்போது வருகிற அனிமேக்களையும் நான் விடுவதில்லை. வாளைத் தூக்கினால் திரை முழுக்க மின்னல், முகமெல்லாம் எண்ணெய் வழிகிற மாதிரி பளபளப்பு. ஆனால் ஒருத்தனாவது மனசில் நிற்கிறானா? அதிலும் இந்த இரண்டாம் பாகங்கள் இருக்கின்றனவே, நன்றாக முடிந்த கதையைத் தோண்டியெடுத்துக் காசு பார்க்கிற வேலை. வானவேட்டையில் பாதி நேரம் படம் அசையாது, வாய் மட்டும்தான் அசையும். இருந்தும் இன்றுவரை எனக்கு அதுதான் ஒன்றாம் நம்பர். இரண்டாம் நம்பர் என்று ஒன்று இல்லவே இல்லை.

ரெய்டாவும் அவன் கூட்டாளி மொகுவும் பறக்கும் கப்பலில் ஊர் ஊராகப் போவார்கள். கடைசி நாள் கப்பல் மலையில் மோதப் பார்க்கும். மொகு கீழே கயிற்றில் தொங்குவான். கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் காலி. சுக்கானைப் பிடித்தால் மொகு காலி. ரெய்டா கயிற்றை விட்டுவிடுவான். மொகு சிரித்துக்கொண்டே விழுவான்.

அடுத்த வருஷம் என் அப்பா லாரியில் அடிபட்டுச் செத்தார். எனக்கு அழுகை வரவில்லை. மொகு மாதிரி அப்பாவும் சிரித்துக்கொண்டே போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். இது நிலவனுக்கு மட்டும் தெரியும்.

அப்போது ஒரகடத்தில் கம்பெனிகளுக்குக் காம்பவுண்டு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சுவர்தான் எங்கள் கப்பல். நான் ரெய்டா, நிலவன் மொகு. தினமும் சுவரிலிருந்து மணல் குவியலில் சிரித்துக்கொண்டே விழுவான். ஒருநாள் மணலை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். முழங்கை உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வந்தும் சிரித்தான். அப்பேர்ப்பட்ட மொகு அவன்.

இப்போது அதே ஒரகடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டுதான் எதையும் பார்ப்போம். இரண்டாம் பாகத்தை மட்டும் ஒரு லீவு நாளில் ஒரே மூச்சாகச் சேர்ந்து பார்ப்பது, திட்டுவதானாலும் சேர்ந்தே திட்டுவது என்று பேச்சு. அது வெளிவந்த சமயம் பார்த்து நிலவனை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். வார லீவும் மாறிப்போனது.

“லீவு ஒத்து வரட்டும் மச்சி. அதுவரிக்கும் நான் தொடமாட்டேன்,” என்றான்.

நானும் தொடவில்லை. கேன்டீனில் பசங்கள் அந்தப் பேச்சை எடுத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு டேபிளுக்குப் போனேன். வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வெளியே வந்தேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ப்ளூடூத் இயர்பட்ஸ் கொடுத்தார்கள். ஒரே கறுப்பு நிறம், மூடியில் ஒரே கம்பெனி முத்திரை. ஷிஃப்டுக்கு உள்ளே போகும்போது அதையும் போனையும் கேட்டில் தட்டில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போனில் அவரவர் டோக்கன் ஒட்டியிருக்கும். இயர்பட்ஸுக்கு யார் டோக்கன் ஒட்டுகிறார்கள்? வரும்போது கைக்கு வந்த டப்பாவை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறினேன். நிலவன் முன்னாலேயே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஆள் இருந்ததால் நான் நாலு சீட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். பாட்டுக் கேட்கலாம் என்று டப்பாவைத் திறந்து காதில் மாட்டினேன்.

நான் போனைத் தொடுவதற்கு முன்னாலேயே வானவேட்டை பாட்டு கேட்டது.

அதே மெட்டு. ஆனால் பின்னால் யாரோ தகரத்தை அடிக்கிறார்கள். பாட்டு முடிந்து, “மொகு, நீயா?” என்று ரெய்டாவின் குரல். சத்தம் கூடிக்கொண்டே போய்க் காதைக் கிழித்தது. எட்டிப் பார்த்தால் நாலு சீட்டு முன்னால் நிலவன் தன் காதைத் தட்டுகிறான், போனில் சத்தத்தை ஏற்றுகிறான், மறுபடி தட்டுகிறான். அவன் போனோடு இணைத்த டப்பா என்னிடம் இருக்கிறது. அவன் காதில் இருப்பது என்னுடையது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து போய் அவன் தலைக்கு மேல் நின்றேன்.

“இன்னாடா இது?”

நிமிர்ந்தான். என் காதைப் பார்த்தான். புரிந்துவிட்டது.

“ஏழாவது எபிசோடு,” என்றான்.

“நம்பரா கேட்டேன்? தொடமாட்டேன்னு சொன்ன இல்ல? யார்கூட பாத்துகினு கீற?”

“யார்கூடயும் இல்ல ரகு. தனியாத்தான்.”

யாரோடாவது பார்த்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

“சரி, குப்பைன்னு ஒரு வார்த்த சொல்லு. வுட்டுடறேன்.”

“குப்பை இல்லடா. நல்லாத்தான் கீது.”

“எங்கப்பா விஷயம் உனக்கு மட்டுந்தான்டா தெரியும்!”

பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். நிலவன் குரலை உயர்த்தவில்லை.

“தெரியும். அதான் உன்கூட பாக்க முடியல. மொத சீன்லயே நீ கத்துவ, ஆஃப் பண்ண சொல்லுவ. எனக்கு அவன் இன்னா சொல்றான்னு கேக்கணும்.”

“செத்தவன் இன்னாடா சொல்லப்போறான்?”

“டெய்லி செவுத்துல இருந்து நான்தான்டா வுழுந்தேன். ஒரு நாளாவது நீ மொகுவா இருந்தியா?”

“வேணாம்னு நீ ஒரு நாளும் சொல்லலியே!”

“கை ஒடஞ்சப்போ சொன்னேன். நீ கேக்கல.”

அப்படி அவன் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்தச் சிரிப்புதான். இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்ல அவனுக்கு ஒரு இரண்டாம் பாகம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவன் கையில் படம் ஓடிக்கொண்டே இருந்தது, என் காதில் குரலும். மொகுவுக்குப் புதிதாக யாரோ பேசியிருக்கிறார்கள், பழைய குரல் இல்லை. ஆனாலும் தெளிவாகக் கேட்டது: “நான் சிரித்தேன் என்று உனக்கு யார் சொன்னது, ரெய்டா? நான் உன்னைக் கூப்பிட்டேன்.”

அப்பாவை அடித்த லாரி என் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நிலவனுக்குச் சத்தம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாடா சொல்றான்?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல,” என்றேன். “சிரிக்கிறான்.”

நிலவன் குனிந்து போனைப் பார்த்தான். திரை முழுக்க மொகுவின் முகம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.