வாசலில் ஒட்டிய ‘டி’

பெரிய கட்டடங்கள் எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் தின்கின்றன என்று கணக்கெடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல் ஓர் எழுத்துப் போட்டு, அதை வாசலில் ஒட்டியே ஆகவேண்டும் என்பது நியூயார்க் சட்டம். மன்ஹாட்டன் மேற்குப் பக்கத்தில் லியோன் ஃபிங்கல் குடியிருந்த கட்டடத்துக்கு ‘டி’ வந்தது.

குடியிருப்போர் சங்கத் தலைவி கோர்டீலியா வான் நெஸ் அந்த எழுத்துக்கு முன்னால் ஒரு பனைத்தொட்டியை வைத்துப் பார்த்தார். மறைத்தால் அபராதம் என்றார்கள். தொட்டி மனசில்லாமல் இரண்டடி நகர்ந்தது.

“ரெண்டு நீதிபதி, ஒரு செல்லோ வித்வான் இருக்கிற கட்டடம். நமக்கு டி-யா?” என்று கூட்டத்தில் பொங்கினார்.

“அந்த வித்வான்தான் பனி கொட்டும்போதும் ஜன்னலைத் தொறந்து போட்டு வாசிக்கிறாரு” என்றது பின்வரிசை.

“கீழ்த்தளக் கொதிகலன்லேர்ந்து குழாய்ல வர்ற நீராவிச் சூட்டுல வேகுறேங்க! குழாயை மூட முடிஞ்சா நான் ஏன் ஜன்னலைத் தொறக்கிறேன்?” என்றார் வித்வான்.

வீடு வீடாகப் போய் ஜன்னலை மூடச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், வேறு வேலை இல்லாதவர் என்று எல்லாத் தகுதியும் லியோனுக்கு இருந்தது. ‘எரிசக்திக் குழு’ என்று பெயர் வைத்தார்கள். குழுவில் அவர் ஒருவர்தான்.

லிஃப்டில் மாடி எண்ணை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்குக் கதவைத் திறந்தார்கள். நாலாம் மாடி மிசஸ் ஒகாசியோ ஜன்னலை மூடாமலே காபி போட்டுக் கொடுத்தார்.

“மூடினா நீங்க திரும்ப வரமாட்டீங்களே, லியோன்!” என்று சிரித்தார்.

அது கிண்டல்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் நாலாம் மாடி முறை வரும் வெள்ளிக்கிழமைதோறும் சட்டையை இஸ்திரி போட்டார்.

வசந்தத்தில் எல்லா வீட்டுக்கும், அறை போதுமான அளவு சூடானதும் நீராவியைத் தானாக மூடிக்கொள்ளும் புதுக் குழாய்த்திருகு போடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று ஒரே ஒரு கை உயர்ந்தது.

“எரிசக்திக் குழுவே எதிர்க்குதா? ஏன் லியோன்?”

“எனக்கு... சூடு பிடிக்கும்.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. தீர்மானம் நிறைவேறியது. குழுவைக் கலைத்ததற்கும் கைதட்டினார்கள்.

அடுத்த வருஷம் ‘பி’ வந்தது. கோர்டீலியா அதற்குச் சட்டகம் போட்டு மேலே விளக்கும் பொருத்தினார். அது இரவு பகலாய் எரிந்தது.

முதல் பனி விழுந்த வெள்ளிக்கிழமை, லியோன் நாலாம் மாடிக்குப் போய் மணியை அழுத்தினார்.

“யாரு?”

“லியோன்.”

“என் ஜன்னல் மூடித்தானே இருக்கு?”

“ஆமாங்க, கீழயிருந்து பாத்தேன். மூடித்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன விஷயம்?”

லியோன் இஸ்திரி போட்ட சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு மணியை இன்னொரு தடவை அழுத்தினார்.